மேசன்பாஸின் கும்மட்டம்

இருளப்பனை எல்லோரும் மேசன்பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிலோன் தோட்டங்களில் கொத்தனாருக்கு அதுதான் பெயர். அங்கே முப்பது வருடம் ஃபேக்டரிச் சுவர் எழுப்பியவர், எழுபத்திரண்டில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தார். கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது, தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டும் வேலை.

தொழிலாளர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கட்டத் தீர்மானித்தபோது, கருவறைக்கு மேலே கவிழ்த்த கிண்ணம்போல வரும் கும்மட்டத்தைத் தான் போட்டுத் தருவதாக அவரே வந்து சொன்னார். அது விழாமல் நின்றுவிட்டால் தோட்டத்துக் கொத்தனார் வேலை அவருக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நான் அங்கே கிளார்க். கோயில் கமிட்டிக்குச் செயலாளரும்கூட. அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டின் முதல் பி.ஏ. என் சரித்திரப் புத்தகத்திலிருந்த ரோமாபுரிப் பாந்தியன் கோயிலின் படத்தை அவருக்குக் காட்டினேன்.

"ஆயிரத்தெண்ணூறு வருசமா நிக்குதுங்க. ஊருலகத்துக் கும்மட்டத்துல பாதி இதைப் பாத்துக் கட்டுனதுதான்."

அவர் உற்றுப் பார்த்தார். "உச்சியில ஓட்டைய உட்டுட்டானே, மழைக்கு என்னா செய்வான்?"

"தண்ணி தரையில உழுந்து வடிஞ்சு போயிருமுங்க."

"நம்ம மலை மழைய அவன் பாக்கல, கிளாக்கரய்யா."

கும்மட்டம் பாதி எழும்பிய ஒரு காலையில், ஜல்லிக்குப் பதிலாக ஃபேக்டரி அடுப்பில் எரிந்து மிஞ்சிய கரிக்கசட்டை அவர் கலவையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

"ஏனுங்க, சாமி தலைமேல குப்பையவா போடறீங்க?"

"மேல போகப் போகக் கனம் கொறையணும் அய்யா. இது ஜல்லியில பாதி எடதான்."

நான் நம்பவில்லை. கமிட்டியில் சொன்னேன். படித்தவன் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. "சிலோன்காரன் வேலையக் காட்டிட்டான் பாருங்க" என்றார் தலைவர் லிங்கசாமி. கும்மட்டத்தை இடித்துவிட்டுத் தட்டையாகத் தளம் போட்டார்கள். இருளப்பன் மறுபடியும் குழி வெட்டப் போனார்.

அடுத்த வருடம் குன்னூர் நூலகத்தில், கட்டடக் கலைப் புத்தகம் ஒன்றில் பாந்தியனைப் பற்றி முழுதாகப் படித்தேன். அடியில் கனத்த கல், மேலே போகப் போக லேசான கலவை, உச்சியருகே நுரைபோன்ற எரிமலைக்கல். பரீட்சைக்கு நான் படித்ததில் அரசன் பெயரும் ஆண்டும்தான் இருந்தன.

அன்றே இருளப்பன் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அவங்களும் கசடுதான் போட்டாங்களா?" மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அவங்களுக்குக் கமிட்டி இல்ல போல."

அவர் மனைவி தெய்வம்மா சிரிக்கவில்லை. "இதக் கமிட்டியில சொல்லிட்டீங்களா அய்யா?"

"சொல்றனுங்க" என்றேன்.

அதன்பிறகு மூன்று கூட்டங்கள் நடந்தன. லிங்கசாமியின் முகத்தைப் பார்த்ததும், தப்பு என்னுடையது என்று சொல்வதை ஒவ்வொரு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டேன். நாலாவது கூட்டம் கூடுவதற்குள் இருளப்பன் குடும்பத்தோடு கூடலூருக்குப் போய்விட்டார். அங்கேயும் குழி வெட்டத்தான்.