அந்தப் பங்கின் விலை விழவே இல்லை

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். மட்டக்களப்பு நகரில், பிள்ளைகள் ரியூசன் படிக்கும் ஒரு ரியூட்டரியின் மேல்மாடியில், ஞாயிறு காலைகளில் பங்குச்சந்தை பற்றி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு பங்குத் தரகரிடம் இரண்டு வருடம் வேலை செய்தவன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு.

அன்று ஒரு கம்பனியின் பத்து வருட விலைகளைப் பழைய பத்திரிகைகளில் இருந்து எடுத்து, பெரிய தாளில் கோடாக வரைந்து ஒட்டியிருந்தேன். சுனாமிக்குச் சில மாதங்களின் பின் கோடு செங்குத்தாக விழுந்தது. எண்பது ரூபாய், மறுநாள் நாற்பது.

"பாருங்க, சுனாமி இந்தக் கம்பனியையும் அடிச்சிட்டுது. இன்னும் பழைய விலைக்கு வரல்ல. வச்சிருக்கிற ஆக்கள் வித்துப்போட்டு வெளிய வாறதுதான் புத்தி" என்று அடித்துச் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் கல்லடியில் இருந்து வரும் ஓர் அக்கா என் மேசைக்கு வந்தார். சுனாமியில் கணவரை இழந்தவர். அந்தக் கம்பனியில்தான் கணவர் வேலை செய்திருந்தார். அவர் வாங்கி வைத்த பங்குகள்தான் மகளின் படிப்புக்கென்று மிஞ்சியிருந்தன.

"அப்ப நானும் வித்துப்போடட்டா தம்பி?"

"ஓம் அக்கா, இனியும் வச்சிருக்கப்படாது" என்று விற்பனைப் படிவத்தை நானே நிரப்பத் தொடங்கினேன். எத்தனை பங்கு என்று கேட்டதும் தயங்கினார்.

"அவர் வாங்கினது நூறுதான். பத்திரம் கடலோட போயிற்று. புதுசு கேட்டு எழுதினன், இருநூறு எண்டு போட்டு அனுப்பினாங்க. பிழையா வந்திருக்கு, எங்கட இல்லாதது எனக்கு வேணாம் எண்டு திரும்ப எழுதினன். இங்கிலீசில பதில் வந்த. எனக்கு விளங்கல்ல."

பையில் இருந்து அவர் எடுத்துத் தந்த கடிதத்தை வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது. கம்பனி தன் ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்திருந்தது. பிரித்த திகதி, என் கோடு விழுந்த அதே நாள். எண்பது ரூபாய்ப் பங்கு ஒன்று, நாற்பது ரூபாய்ப் பங்கு இரண்டாகியிருந்தது. யாருக்கும் ஒரு சதம்கூட நட்டமில்லை.

படியிறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். "நான் பிழையாப் படிப்பிச்சிட்டன்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். பிரிப்புக்கு முந்திய விலைகள் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்து, சிவப்பு மையால் மறுபடி வரைந்தேன். அந்தப் பள்ளம் இல்லாமல் போனது.

"வருசா வருசம் கம்பனியில இருந்து செக்கும் வாற, தம்பி. அது இதுக்குள்ள இருக்கா?" என்றார் அக்கா.

அதுவும் இல்லை. பங்கிலாபம் கொடுக்கும்போது விலை ஏறக்குறைய அந்தளவு இறங்கும். ஆனால் அந்தப் பணம் பங்கு வைத்திருப்பவர் கைக்கு வந்துவிடும். அதற்கும் சேர்த்து முந்திய விலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கோடு தொடக்கத்தில் இருந்தே ஏறிக்கொண்டு போனது.

அக்கா பாதி நிரப்பிய படிவத்தை என் கையில் இருந்து வாங்கி மடித்தார். "மகள் கம்பஸ் போகுமட்டும் கிடக்கட்டும்" என்றார். அவள் பல்கலைக்கழகம் போனபோதுதான் விற்றார்.

இன்றும் ஏதாவது ஒரு விலை சடாரென்று விழுந்ததைக் கண்டால், நான் உடனே காரணம் சொல்வதில்லை. அதை வைத்திருந்தவர் கையில் அன்று என்ன இருந்தது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.