சாலமோன் அண்ணனின் வைஃபை ஃபைல்

சாலமோன் அண்ணன் போய்விட்டார். காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போது அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

அழுதுகொண்டே வந்து சீட்டில் உட்கார்ந்தால், என் லேப்டாப்பில் வைஃபை இல்லை. சனிக்கிழமை சாயந்திரம்தான் ரூட்டரை மாற்றினார்கள். "திங்கக்கெழம வந்து புது பாஸ்வேர்ட எழுதிட்றேம்மா, பேஜாரு ஆவாத" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று திங்கட்கிழமை. கேட்டில் லோடு லாரி நிற்கிறது. நெட் இல்லாமல் பில் போட முடியாது, பில் இல்லாமல் லாரி நகராது.

அவரைத் தெரியாதவர்களுக்கு... கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஃபவுண்டரிக்கு எலக்ட்ரீஷியனாக வந்து, தானாகவே கற்றுக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் தாவியவர். நான் டிஸ்பாட்ச் செக்‌ஷன்.

பென் டிரைவ் வைரஸ் தொல்லை தாங்காமல் ஆபீஸ் மெஷின் எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு நிக்ஸ் ஓஎஸ் ஏற்றினார். அதில் எல்லாமே ஒரு ஃபைல்தான். இந்த மெஷினில் இன்னின்னது இருக்க வேண்டும் என்று எழுதி ஒரு கமாண்ட் கொடுத்தால், மெஷின் தன்னை அப்படியே அமைத்துக்கொள்ளும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் உட்பட.

"வைஃபை ஐகான் எங்கண்ணே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஐகானுலாம் கெடயாது மேகலாம்மா. எழுதணும்."

எழுதினார். வரவில்லை. வைஃபை கார்டுக்கு ஏதோ ஒன்றை டவுன்லோடு பண்ண வேண்டுமாம். அதற்கு நெட் வேண்டுமாம்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

கடைசியில் தன் போனையே கேபிளில் சொருகி நெட் கொடுத்தார். நடுவில் பேசினால் டவுன்லோடு அறுந்துவிடும் என்று, அண்ணி கூப்பிடக் கூப்பிடக் கட் பண்ணினார். அண்ணி என் நம்பருக்கு வந்துவிட்டார்.

"ஊட்ல கேஸ் தீந்துபோச்சு. இவுரு இன்னா பண்ணிக்கினு கீறாரு அங்க?"

"டவுன்லோடு ஆயினு கீதுன்னு சொல்லும்மா" என்றார் அண்ணன். சொன்னேன். அண்ணி திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எங்கள் மேனேஜருக்கு இந்த ஃபைல் விவகாரமே பிடிக்காது. ஒருமுறை யாரையோ பிடித்து, ஃபைலில் எழுதாமல் கெஸ்ட் வைஃபையைக் கையாலேயே சேர்த்துக்கொண்டார். ஒரே பெருமை. மறுநாள் மெஷினை ஆன் பண்ணினால் போயே போச்சு. மறுபடி சேர்த்தார். மறுபடி போச்சு.

"சார், ஃபைல்ல கீதா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லய்யா..."

"அப்போ ஒலகத்துலயே இல்ல சார்."

மூன்றாம் நாள் மேனேஜர், கெஸ்ட் வைஃபையை ஃபைலில் ஏற்றச் சொல்லி, அண்ணனிடம் கைப்பட லெட்டர் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஏற்றினார் மனுஷன்.

இந்தக் கொள்கையை மகள் கல்யாணத்துக்கும் கொண்டுபோனார். சர்ச் மணவாள நகரில். அவர் வீடு இருக்கும் அத்திப்பட்டிலிருந்து பஸ். யார் யார் ஏற வேண்டும் என்று லிஸ்ட் போட்டு மச்சான் கையில் கொடுத்து, "லிஸ்ட்ல கீறவன ஏத்து, இல்லாதவனுக்கு வெயிட் பண்ணாத" என்று கட்டளை.

மச்சான் லிஸ்ட்டை டிக் அடித்து முடித்து பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார். அண்ணன் பக்கத்துக் கடையில் பூ வாங்கிக்கொண்டிருந்தார். லிஸ்ட்டில் எல்லார் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர.

ரயில் மாறி, ஆட்டோ பிடித்து, கோட்டெல்லாம் வியர்வையோடு வந்து சேர்ந்தார். பாஸ்டர் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மச்சானைத் திட்டப்போகிறார் என்று பார்த்தோம்.

"அவன் மேல தப்பு இல்ல. லிஸ்ட்ல என் பேரு இல்ல" என்றார்.

ஆபீஸில் எங்களுக்கு ஒரு ஜோக் உண்டு. அண்ணனைக் கண்டால் ரூட்டருக்கே பயம் என்று. ரூட்டர் செத்துப்போகும், நாங்கள் கத்துவோம். அவர் டீயோடு வந்து என் டேபிள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். கொஞ்ச நேரத்தில் என் மெஷினில் நெட் வந்துவிடும்.

"வந்துடுச்சுண்ணே! ரூட்டர் சரியாயிடுச்சு போல."

"ஆங்... ஆயிருக்கும். நீ பில்லு போடு." நான் முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். ஓசி டீக்காரர் என்று எத்தனை கிண்டல் பண்ணியிருக்கிறேன்...

இன்று வேறு வழியில்லை. அவசரத்துக்கு என்று எப்போதோ அவர் கொடுத்த அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு, முதல்முறையாக அந்த ஃபைலைத் திறந்தேன்.

ஆபீஸ் வைஃபை பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர். அவருடைய போன் ஹாட்ஸ்பாட்.

பக்கத்தில் குறிப்பு: "மேகலாம்மா டேபிளுக்கு. ரூட்டர் செத்தா இது."

இத்தனை வருஷமும் ரூட்டர் சரியாகவே இல்லை. அவர் பாக்கெட்டில் போன் இருந்திருக்கிறது.

லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான், ரூட்டர் மேல் ஒட்டியிருந்த புது பாஸ்வேர்டைப் பார்த்து எழுதினேன்.

முதல் தடவை எர்ரர். இரண்டாவது தடவையும் எர்ரர். மூன்றாவதில் வந்துவிட்டது அண்ணே. லாரி போய்விட்டது.

புது பாஸ்வேர்டை மட்டும்தான் மாற்றினேன். உங்கள் லைனைத் தொடவில்லை.

மத்தியானம் எல்லாரும் அத்திப்பட்டு வருகிறோம். மேனேஜர்தான் பஸ் சொல்லியிருக்கிறார், லிஸ்ட்டெல்லாம் கிடையாது.

போயிட்டு வாங்கண்ணே. உங்க பேரு ஃபைல்ல கீது.