அத்தானின் அரண்மனையில் ஒழுகல்

என் அத்தான் பிளம்பர். இருபத்திரண்டு வருடத் தொழில். சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் பைப்பு ஒழுகிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் குளியலறையையே பெயர்த்துப் போடும் வேலையை இவர் ஒரே ஒரு டைல்ஸை எடுத்து முடித்துவிடுவார். அந்தக் காதுக்காகவே ஊரில் பாதிப் பேர் அவருடைய நம்பரை வைத்திருந்தார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கேட்கும்போதெல்லாம், "நாளைக்குப் பாத்துடறேன்" என்பார். அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். நாள் முழுக்க அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் சொட்டியது. கடைசியில் சிங்க்கில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கினாள்.

அந்த ஆறு மாதமும் அத்தான் எங்கே இருந்தார் என்றால், டிவிக்குள். டிவியில் ஆடும் அந்த வீடியோ கேமை வீட்டுக்குள் கொண்டுவந்த பாவி நான்தான். இன்னது செய் என்று யாரும் சொல்லாத, எல்லையே இல்லாத உலகம் அது. தோண்டினால் கல் கைக்கு வரும், அடுக்கினால் வீடு. குகைக்குள் போனால் புதையலும் உண்டு, பூதமும் உண்டு. அத்தான் இரண்டையும் சட்டை செய்யவில்லை. மலையுச்சியில் ஓர் ஊற்றைப் பார்த்தார், அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டினார், நாற்பது அறையோடு அரண்மனை கட்டினார், அறைக்கு அறை தண்ணீர் கொண்டுவந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

"இங்க எவனும் போன் பண்ணி, எப்ப வருவீங்கன்னு கேக்க மாட்டான்டா" என்று ஒருநாள் சொன்னார். அந்த முகத்து நிம்மதியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

அரண்மனை முடிந்தது, முனகல் ஆரம்பித்தது. அடிச்சுவரை எடுத்தாலும் கூரை அந்தரத்தில் நிற்கிறதாம். அங்கே நடமாடும் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லையாம், முகம் கழுவுவதில்லையாம்.

"எதுவுமே கெட்டுப்போக மாட்டேங்குதுடா. துரு இல்ல, அடைப்பு இல்ல, ஒழுகல் இல்ல. இதெல்லாம் ஒரு ஊரா?"

"ஒழுகல்தான வேணும்? நம்ம குழாய..." என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் ஹெட்ஃபோன் காதில் ஏறிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் நான் போனபோது ஹெட்ஃபோனைக் காணவில்லை. தேடி அலுத்த அத்தான், டிவி சத்தத்திலேயே விளையாட உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணை மூடினார்.

"சொட்டுது" என்றார்.

"எங்க அத்தான்?"

"அரண்மனைலதான்டா." டிவியின் மேல் காதை வைத்தார். "புதுசா ஏதோ அப்டேட் விட்டிருக்கானுங்க. இப்பதான் ஊரு மாதிரி இருக்கு."

டிவி மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை சிங்க். எனக்கு விளங்கிவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். தையல் மெஷினிலிருந்த அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள். அவளுடைய மறு கையில் கத்தரிக்கோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். கிழக்கு அறைகளின் தரையைப் பெயர்த்தார். அங்கே இல்லை. படிக்கட்டு போனது, தர்பார் மண்டபம் போனது. இடிபாட்டுக்கு நடுவே ஊர்க்காரர்கள் எதுவும் நடக்காததுபோல உலாத்தினார்கள். அத்தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இடித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. தினமும் வேலை விட்டு வந்து, கல் கல்லாக அடுக்கிய அரண்மனை அது.

மூன்று மணிக்குள் நாற்பதாவது அறையும் போயிற்று. கூரைகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. சொட்டுவது நிற்கவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

சொட்.

அத்தான் டிவியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, விரலை நீட்டினார். விரல் நேராகச் சமையலறையைக் காட்டியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த விரல் தப்பியதே இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாஷர், பத்து நிமிட வேலை. சிங்க்குக்குப் பக்கத்தில், துவைத்து மடித்த பழைய துணியும் அதன் மேல் ஹெட்ஃபோனும் இருந்தன. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் நின்றார்.

"அரண்மனையே போச்சு. சத்தம் இங்கேர்ந்துதான் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே" என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "ஆறு மாசமா."