சந்தனம் பூசிய அம்மோனைட்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் ஆள் கேட்ட ஒரே கேள்வி, "ரீல்ஸ் பாப்பீங்களா?" என்பது. இரண்டாவது ஆள் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று என்னிடம் கேட்காமல் என் அம்மாவிடம் கேட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஆளைத் தனியாகப் பேசச் சொல்லி என் அறைக்கு அனுப்பினார்கள். கட்டிலுக்கு அடியில் வரிசையாக இருந்த செருப்புப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ செருப்பா?" என்றான். ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினேன். "கல்லு," என்றான். குரலில் அப்படி ஓர் ஏமாற்றம். செருப்பாக இருந்திருந்தால் கொஞ்சம் மதித்திருப்பான்.

கல்தான். ஆனால் எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. நான் இருப்பது பெரம்பலூரை ஒட்டிய ஊர். வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில். சுண்ணாம்புக்கல்லில் சுண்ணாம்பு எவ்வளவு என்று நாள் முழுக்கச் சோதித்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவட்டமும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலுக்கு அடியில் கிடந்தன. அந்தக் கடலில் செத்து விழுந்த சங்கு, சிப்பி, சுறாப் பல் எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன. அதைத்தான் அரைத்து மூட்டை கட்டி அனுப்புகிறோம். அதில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நான் அப்படிப்பட்ட கற்களைச் சேர்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரை கிராமத்துப் பக்கம் மழை அறுத்துப் போட்ட ஓடைகளில் குனிந்தபடி நடப்பேன். கிடைத்த கல்லைக் கழுவி, ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் கருப்பு மையில் ஓர் எண் எழுதுவேன். அந்த எண்ணுக்கு நேராக நோட்டில் எந்த ஓடை, எந்தக் கரை, எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண் என்று எழுதி வைப்பேன். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் மிதிக்கப் போடலாம்.

அம்மாவுக்கு இதில் ஒரே கவலை. "செவ்வா தோசமா இருந்தாக்கூட அதே மாதிரி ஒரு ஜாதகத்தப் பாத்துச் சேத்துடலாம். இந்தக் கல்லு தோசத்துக்கு நான் எங்க போவேன்?" என்று அத்தையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் முதல் பஸ் ஏறி, வெயில் ஏறும்வரை குனிந்து நடந்து, தேவையில்லாமல் வாயைத் திறக்காத ஓர் ஆள். கல்யாணத்துக்குப் பிறகும் என் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இருக்க வேண்டும். கூட ஒருவன் வந்தால் சந்தோஷம். அவ்வளவுதான்.

அப்படி ஆள் தேடி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். கல்லான உயிர்களில் ஆர்வம் உள்ளவர்களின் குழு என்றார்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஆர்வம் டைனோசர் முட்டையில் மட்டும்தான். எவனாவது உருண்டையாக ஒரு கல்லைப் பார்த்தால், பக்கத்தில் தன் காலை வைத்து ஒரு போட்டோ எடுத்து, "முட்டை!" என்று போடுவான். உடனே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழும். நான் ஒருமுறை, அது மண்ணுக்குள் உருண்டு திரண்ட வெறும் களிக்கட்டி, முட்டை இல்லை என்று எழுதினேன். "மேடம், நெகட்டிவா பேசாதீங்க," என்று பதில் வந்தது. முட்டை இல்லை என்பது இவர்களுக்கு நெகட்டிவ்.

அந்தக் குழுவில் ஒருவன் மட்டும் என் பக்கம் எழுதினான். "மேடம் சொல்றது சரி. சந்தேகமா இருந்தா உடைச்சுப் பாருங்க, உள்ளேயும் களிமண்தான் இருக்கும்." அரியலூர்க்காரன். ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார் வேலை. அன்றைக்கு அவன் டிபி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பேசி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடையில் சந்தித்தோம். பெண்ணைப் பார்க்க வந்தவன் மாதிரி செண்ட் அடித்துக்கொண்டு வரவில்லை. பழைய சட்டை, தொப்பி, தண்ணீர் கேன். வந்ததும் மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துத் தேடினான். சுறாப் பல் சின்னது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. படுத்துப் பார்த்தால் வெயிலில் மினுங்கும். நானும் அப்படித்தான் தேடுவேன். ஒரு துண்டு கிடைத்தது. அது எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்ததும் அவன் யோசிக்காமல் நாக்கில் வைத்துப் பார்த்தான். எலும்பு என்றால் நாக்கில் ஒட்டும். நானும் அதே நேரத்தில் என் கையில் இருந்ததை நாக்கில் வைத்திருந்தேன். இரண்டு பேரும் மண்ணைத் துப்பினோம். அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ, எனக்கு மண். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு ஞாயிறு போயிருப்போம். நல்ல ஞாயிறுகள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுத்தியல் எப்போதும் அவன் கையில், பை என் தோளில். நான் கண்டெடுத்ததைக்கூட "குடுங்க, நான் பாக்கறேன்" என்று வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்லுவான். மாலையில் குழுவில் போட்டோ வரும். "இன்று கிடைத்தவை." யாருக்குக் கிடைத்தவை என்று இருக்காது. குழுவில் எல்லாரும் அவனுக்குக் கை தட்டுவார்கள். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், விட்டேன். நாக்கில் கல்லை வைத்துப் பார்க்கிற இன்னொருவனை எங்கே போய்த் தேடுவது என்ற பயம். அந்த மடத்தனம் என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

வீட்டில் அவனைப் பற்றிச் சொன்னேன். சாதியும் ஒன்றாக இருந்து தொலைத்தது. ஜாதகமும் பொருந்தியது. அம்மா தெருவுக்கே கேட்கும்படி, "கல்லு பொறுக்குறவனே கெடச்சுட்டான்," என்றாள். நாங்கள் முன்பே பழகியது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முதல்முறை பார்ப்பது போல அவர்கள் வந்து பெண் பார்க்க வேண்டும் என்பது முறை. சரி என்றேன்.

அவர்கள் வருகிற அன்றைக்கு லேபில் பாதி நாள் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். நடுவீட்டில் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. நடுவில் என்னுடைய அம்மோனைட். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். சுருள் சுருளாக உள்வாங்கிய ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி அது. என்னிடம் இருப்பதிலேயே பெரியது. மூன்று ஞாயிறு தோண்டி எடுத்தது. அதன் மேல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, துளசி சாத்தியிருந்தது.

"என்னம்மா இது?"

"மாப்ள வூட்ல பெருமாள் கும்புடுறவங்கடி. இது சக்கரம் மாரியே இருக்கு. பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு வச்சேன். ஓரத்துல வெள்ளையா என்னமோ அப்பியிருந்துச்சு. தேங்கா நாரு போட்டுத் தேச்சேன், போயிடுச்சு."

எண் போய்விட்டது. எனக்கு அது எந்தக் கல் என்று தெரியும், அதனால் தப்பித்தது. சண்டை போட நேரம் இல்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அவன், அவன் அம்மா, அவன் மாமா மூன்று பேரும் வந்தார்கள். அவன் அம்மா உட்காருவதற்கு முன்னாலேயே தாம்பாளத்தைப் பார்த்துவிட்டார். கல்லை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆதிசேஷன் சுருண்டு படுத்திருக்காப்ல இருக்குங்க. எங்கேருந்து வாங்குனீங்க?"

"வாங்கலிங்க. பாப்பாதான் கண்டெடுத்துச்சு," என்று அப்பா சொன்னார். அவருக்குப் பெருமை.

"எனக்கென்னமோ கெடா கொம்பு மாரி தெரியுது," என்றார் மாமா. அந்த அறையில் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். அம்மோனைட் என்ற பெயரே கிடாக் கொம்பு வைத்த ஒரு பழைய எகிப்துச் சாமியின் பெயரில் இருந்து வந்தது.

நான் அவனைப் பார்த்தேன். இவன் சொல்லுவான் என்று காத்திருந்தேன். களிக்கட்டியை முட்டை என்றவர்களிடம் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டவன் ஆயிற்றே. அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தனக்குத் தரும்படி என்னிடம் முன்பே இரண்டு முறை கேட்டிருக்கிறான். "இத நாங்க கையோட எடுத்துட்டுப் போறோங்க. நல்ல சகுனம்," என்று அவன் அம்மா சொன்னபோதுதான் வாயைத் திறந்தான்.

"எடுத்துக்கம்மா. எப்படியும் நம்ம வூட்டுக்கு வரப்போறதுதான."

பிறகு எங்களைப் பேசிவிட்டு வரச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. ஓரமாக நின்றோம்.

"அதுல நம்பர் போயிடுச்சு," என்றேன்.

"போனா என்ன? அவ்ளோ பெரிய பீஸுக்கு நம்பர் எதுக்கு?"

அதையும் விட்டேன். எனக்கு முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "கல்யாணத்துக்கப்புறம் ஞாயித்துக்கெழம உங்க வூட்லேர்ந்து கெளம்புனா எந்த பஸ்ஸ புடிக்கணும்?"

"நீ எதுக்கு வெயில்ல வந்துக்கிட்டு?" என்றான். அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டவன். தாம்பாளத்தைப் பார்த்த பத்து நிமிடத்தில் 'நீ' ஆகிவிட்டேன். "நான் போயி எடுத்துட்டு வரேன். நீ வூட்ல ஒக்காந்து நம்பர் போட்டு நோட்ல எழுது. உன் கையெழுத்து நல்லாருக்கும். ஹால்ல ஷெல்ஃப் அடிச்சுத் தரேன்."

"வெளையாடுறீங்களா?"

"இல்ல, நெசமாதான். பொம்பள ஓடையில குனிஞ்சு நடந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அம்மாவுக்குப் புடிக்காது."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாதான்."

எனக்கு ஒண்ணுமில்ல, அம்மாதான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் ஆண்கள் பொண்டாட்டிமாரை எத்தனை வருடமாக வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். படித்தவனும் இதையே சொல்கிறான், படிக்காதவனும் இதையே சொல்கிறான். கடலின் வயதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனும் இதையே சொல்கிறான். ரீல்ஸ் பார்ப்பீங்களா என்று கேட்டவனாவது என் பெட்டிகளுக்கு ஆசைப்படவில்லை. இவனுக்கு என் கல் வேண்டும், என் நோட்டு வேண்டும், என் கையெழுத்து வேண்டும். ஓடை மட்டும் எனக்குக் கிடையாது.

நான் கீழே இறங்கினேன். கல் அதற்குள் அவன் அம்மாவின் ஒயர் கூடைக்குள் போயிருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். நான் கூடை பக்கத்தில் உட்கார்ந்து கல்லை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, நாங்க எடுத்துட்டுப் போறோம்னு சொன்னமே," என்றார் அவன் அம்மா.

"இது சக்கரம் இல்லிங்க. கடல்ல இருந்த ஒரு பிராணி. நத்த, கணவா இதுக்கெல்லாம் சொந்தம். செத்துக் கல்லாயிருச்சு. உங்க மகனுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க."

அவர் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். 

"செத்ததா?" என்றார் அந்த அம்மா. கண்ணில் ஒற்றிக்கொண்ட இரண்டு கையையும் மடியில் வைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தார். "கைய கழுவணும்ங்க, எங்க இருக்கு குழாயி?"

"நத்தையாம்," என்றார் மாமா. கேசரித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

கார் போன பிறகு அம்மா அழுதாள், திட்டினாள். "ஒன்னாட்டம் கல்லு புடிச்சவனே வேணும்னு நீதானடி கேட்ட? கெடச்சான். இப்ப என்னாங்கற?" அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான்தான் தப்பாகக் கேட்டிருந்தேன். எனக்குப் பிடித்தது அவனுக்கும் பிடித்திருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று இருபத்தொன்பது வயதில் நம்பினேன். பிடித்ததை ஒருவன் என்னோடு பார்க்க வருகிறானா, என்னிடமிருந்து எடுத்துப்போக வருகிறானா என்று கேட்கவே தோன்றவில்லை. ஒரே ஓடையில் குனிந்து நடந்தவன் என்பதால் மற்ற மூன்று பேரை விட உசத்தி என்று நினைத்தேன். மற்ற மூன்று பேரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் ஏமாறவும் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

குழுவில் இருந்து வெளியே வந்துவிட்டேன். அவர்கள் முட்டையோடு நன்றாக இருக்கட்டும்.

முதல் மூன்று பேரையும் கூட்டிவந்த கல்யாணத் தரகர் போன மாதம் திரும்ப வந்தார். அம்மாதான் வரச்சொல்லியிருந்தாள். பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். வயது, படிப்பு, வேலை, நட்சத்திரம் எல்லாம் எழுதினார்.

"எதிர்பார்ப்புன்னு ஒரு எடம் இருக்கு கண்ணு. நல்ல குடும்பம்னு போட்டுக்கவா?"

"ஞாயித்துக்கெழம பொண்ணு வூட்ல இருக்காதுன்னு போடுங்க."

அவர் பென்சிலை நிறுத்தினார். "எங்க போவும்னு கேப்பாங்களே?"

"ஓடைக்கு."

"அவரும் கூட வரணுமா?"

"வந்தா வரட்டும். வராட்டி வூட்ல இருக்கட்டும். தடுக்கக் கூடாது."

"கல்யாணத்துக்கு முன்னாடி சரி கண்ணு. அப்புறமும்?"

"அப்புறமுந்தான்."

"இத எழுதுனா எவன் வருவான்?"

"வராதவன் வர வேணாம்."

அம்மா அடுப்படியில் டம்ளரை ஓங்கி வைத்தாள். தரகர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சின்ன எழுத்தில், அழுத்தாமல் எழுதினார். பென்சில் எழுத்து, வெளியே போனதும் அழித்துவிட்டு நல்ல குடும்பம் என்று போட்டுவிடுவார். நான் என் பையில் இருந்து பேனாவை எடுத்து நீட்டி, அதே வரியை அதன் மேலேயே எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.