சித்தியின் தோடும் கம்பளி இருட்டும்

நாலாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் சொந்தக் கட்டடத்தில் நகைக்கல் கடை வைத்திருக்கிறேன். பேங்க்காரர் கையை விரித்த பிறகும் மாடி எழுப்பினேன். பாறைதான் வரும் என்று சிரித்தார்கள், அங்கேயே கிணறு வெட்டினேன். இன்றைக்குத் தெருவே அதில் தண்ணீர் எடுக்கிறது. டூரிஸ்ட்டுகள் முண்டியடித்துப் பார்க்கும் கறுப்புப் பெட்டியும் நான் செய்ததுதான். உள்ளே கெம்பை, அதாவது மாணிக்கக் கல்லை வைத்து ஊதா டார்ச்சை அடித்தால், சும்மா கிடந்த கல் கங்கு மாதிரி சிவக்கும். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் லயனில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையை, என் சித்தியை, நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். சித்தி காதில் கெம்புத் தோடு. தாத்தா மலையேறி வருவதற்கு முன், நாமக்கல் பக்கம் ஏர் ஓட்டும்போது பொறுக்கி, பட்டை தீட்டி வைத்த கற்கள். எங்கள் வீட்டில் பெருமை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. தட்டு மாற்றக் கை நீட்டிய மாப்பிள்ளையின் அம்மா, தோட்டைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, கெம்புன்னு சொன்னீங்க. கண்ணாடியாட்டமல்ல இருக்குது. கல்லுலயே இப்பிடின்னா, பொண்ணு விசயத்துல என்னென்ன மறைச்சிருக்கறீங்களோ."

அவர் காதிலும் சிவப்புக்கல் கம்மல். அதை ஆட்டி ஆட்டித்தான் பேசினார். சித்தி தலை நிமிரவில்லை.

மாமா, அதாவது சித்தியின் அண்ணன், மலையில் கல் ஆராய வந்த ஆபீசருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஜீப்பிலிருந்து, கல்லைச் சோதிக்கும் ஊதா வெளிச்சப் பெட்டி விளக்கைத் தூக்கிவந்தார். ஆபீசர் பங்களாவில் சாப்பிட்டு எழுவதற்குள் அதைத் திரும்ப வைத்தாக வேண்டும்.

"இந்த வெளிச்சத்துல கெம்பு செவப்பா எரியுமுங்க. கண்ணாடி எரியாது."

விளக்கைப் போட்டார். தோட்டில் ஒன்றும் எரியவில்லை. வெளியே உச்சி வெயில். தகரக் கூரையெல்லாம் ஓட்டை, கதவெல்லாம் சந்து, வீட்டுக்குள்ளும் அவ்வளவு வெளிச்சம்.

"வெளக்கும் உங்கூட்டுக் கல்லாட்டந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா செருப்பைத் தேடினார். பஸ் வரும் நேரம்.

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. நானோ ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. காலையிலிருந்து உள்ளும் வெளியுமாக ஓடி அடி வாங்கியிருந்தேன். அப்பா மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியைக் கொடியிலிருந்து இழுத்துவந்து சித்தி தலையில் போட்டேன். போட்டது நான், மாமா இல்லை. அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கம்பளிக்குள் இழுத்ததும் நான். விளக்கை வாங்கிக்கொண்டு நானும் நுழைந்தேன்.

உள்ளே ஈர ஆட்டுமயிர் வாசம், மூச்சு முட்டியது. சித்தியின் காதில் ஊதிவிட்ட அடுப்பு மாதிரி இரண்டு கங்குகள்.

அந்த அம்மா குனிந்து இரண்டு தோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கம்மலில் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். "இங்க புடி சாமி. எங்கூட்டுக் கல்லையும் பாரு."

பிடித்தேன். கங்கு இல்லை. கல்லைப் புரட்டி வைத்தார். அப்போதும் இருட்டு.

"ஏனுங்க, உங்களுது..." என்று நான் ஆரம்பித்ததும் சித்தி தொடையில் கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மா தடவித் தடவிக் கம்மலை மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்து, "கெம்புதானுங்க. தட்ட எடுங்க" என்றார்.

"உங்களுதும் பாத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டந்தான் எரிஞ்சுதுக்கா" என்றாள் சித்தி.

நான் சித்தியின் சேலையை மிதித்ததற்குத்தான் கிள்ளினாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயாடி என்று பேர்பெற்ற அந்த மாமியார், சாகும்வரை சித்தியை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. அது ஏன் என்றும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன மாதம் சித்தியின் பேரன் கல்யாணத்தில் மைக் பிடித்தவர்களெல்லாம் மாமாவின் விளக்கைத்தான் புகழ்ந்தார்கள். விளக்கு ஆபீசருடையது. இருட்டு என்னுடையது. அந்த மாமியார் கண்மூடும்வரை அவர் கம்மலைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான். அடுத்த கல்யாணத்தில் மைக் பிடிப்பவர்கள் இதையெல்லாம் என் பேரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.