எங்கே என்று கேட்டவன்

பிள்ளைகளே, வேலை முடிந்து வந்ததும் கொம்பனி தந்த போனைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன் என்று இருவரும் சிரிக்கிறீர்கள். வாப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. அந்தப் போன் எனக்குச் செய்ததை இப்போது சொல்லலாம், உம்மா சுகமாகிவிட்டா.

எங்கள் ஊர் சிலாவத்துறையில், மீன் பிடிக்கக் கடலுக்கு இறங்குகிறவனிடம் "எங்க போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வலை வெறுமையாய் வரும் என்பார்கள். தப்பித்தவறிக் கேட்டாலும், "இந்தப் பக்கம்தான்" என்று கையைப் பொதுவாய் ஆட்டிவிட்டுப் போவோம். பதினைந்து வருடம் அப்படிச் சொல்லிப் பழகிய வாய் இது. இங்கிலாந்தில் பார்சல் வான் ஓட்டத் தொடங்கிய புதிதில், மேற்பார்வையாளன் டேவிட் போனில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டான். இந்தப் பக்கம்தான் என்பதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றோடு நான் கள்ளன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

நாங்கள் போகும் வழியை அந்தப் போன் கோடாய்க் கீறி அவனுடைய திரைக்கு அனுப்பும். வேலை முடிந்தாலும் அது நிற்காது. நிறுத்தும் பொத்தான் அவன் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஞாயிறும் போன் கையில் இருக்கவேண்டும் என்பது அப்போதைய உத்தரவு.

ஒரு திங்கள் காலை, இருபது பேர் நடுவில், பெரிய திரையில் என் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினான். "இரண்டு ஞாயிறும் ஒரே இடம். வேறு கொம்பனிக்கு ஓடுகிறாயா?"

அது ஆஸ்பத்திரி. உம்மாவின் மார்பில் ஒரு கட்டி. உங்களுக்குக் கடைக்குப் போவதாய்ச் சொல்லிவிட்டுப் போனோம். பெற்ற பிள்ளைகளுக்கே சொல்லாததை, வேலை போய்விடும் என்ற பயத்தில், அந்த அந்நியர்கள் முன் சொன்னேன். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"விடுங்கோ, அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்" என்றா உம்மா, அன்று இரவு வீட்டில்.

"அவன் பாக்கட்டும். நானும் பாக்கிறன்" என்றேன்.

எங்களைப் பற்றிக் கொம்பனி சேர்த்து வைத்திருப்பதை இங்கே சட்டப்படி கேட்டு வாங்கலாம். வாங்கினேன். நான் போன வழியை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதும் அதில் இருந்தது. ஒரே ஞாயிறில் டேவிட் பதினொரு தடவை திறந்திருந்தான். கொம்பனியின் தலைமைக் கந்தோருக்கு எழுதினேன். விசாரணையில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

அவன் கழுத்து சிவந்தது. "அது என் சொந்த விஷயம்."

 அந்தப் பதிலை நான் ஆறுதலாய் இருந்து அனுபவித்தேன்.

அவனை இடம் மாற்றினார்கள். போகும்போது மன்னிப்புக் கேட்டான். நான் கொடுக்கவில்லை, இன்றுவரை இல்லை. பொத்தானை அவன் கையில் கொடுத்து என் கையில் கொடுக்காமல் அந்தத் திரையை வடிவமைத்துக் கீறியவனை நான் கண்டதில்லை. கண்டால் அவனையும் விடமாட்டேன். மூத்தவளே, நீ கணினி படிக்கப்போகிறாய். நாளைக்கு அந்தக் கதிரையில் நீ இருப்பாய். முதலில் எங்கள் பக்கத்துப் பொத்தானைக் கீறு.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நாள், சிலாவத்துறையில் இருக்கும் என் தம்பி, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வள்ளம் இறக்குமுன் என் சொந்தப் போனுக்குத் தன் இருப்பிடத்தை அனுப்பினான். "நானா, இண்டைக்கு நீங்களும் என்னோட வாங்கோ" என்று, அண்ணனான என்னைக் கூப்பிடும் குரலும் வந்தது. இங்கே அப்போது காலை. மழை. பார்சல் வானை ஓரமாய் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் அவனுடைய நீலப் புள்ளி கரையை விட்டு மெல்ல நகர்ந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று தெரியுமுன் வரைபடத்தை மூடினேன். பிறகு, யாரும் கேட்காமலே, நனைந்த கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டி, "இந்தப் பக்கம்தான்" என்றேன்.