அடைத்த குழாய்

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் வளர்க்க அந்த வருஷம் ஏலம் எடுத்தவர் என் தாய்மாமா. அதுவரை எந்தத் தொழிலிலும் நிலைக்காத மனிதர். மீனிலாவது கால் ஊன்றட்டும், பெண் தருகிறோம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதனால் கெண்டைக் குஞ்சுகள் என்ன எடை ஏறியிருக்கின்றன என்பதே எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சாக இருந்தது. நானும் மாமாவோடு போய்த் தவிட்டு உருண்டை போடுவேன்.

ஒரு நாள் காலையில் மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. யார் வேலை என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நெல் அவிக்கும் ரைஸ் மில்லின் கழிவுக் குழாய் கண்மாயில்தான் வந்து விழும். அதன் புளித்த வாடை பள்ளிக்கூடம் வரை அடிக்கும். மாமா செல்போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

"அந்தக் குழாய அடைக்காம வீட்டுக்குப் போகக்கூடாதுலே!" என்று முதலில் கத்தியவர் என் அப்பா. சிமெண்டைக் குழைத்து முதல் கரண்டி அப்பியவரும் அவர்தான். காய்ந்ததும் சூடம் கொளுத்தித் தேங்காய் வேறு உடைத்தார்கள். மில்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குள் தொட்டி கட்டிக்கொண்டார். வாடை போனது. மாமா மறுபடி குஞ்சு விட்டார், கல்யாணப் பேச்சும் மறுபடி கிளம்பியது.

கண்மாய்க்கு மேலே உள்ள எங்கள் ஊர்த் தோட்டங்களில் திராட்சை பிஞ்சு பிடித்திருந்த நேரத்தில் மேகம் கட்டியது. ஈரம் பட்டால் இலையில் பூஞ்சை விழுந்துவிடும் என்று, மேகத்தைக் கண்டாலே மருந்தடிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அன்றும் எல்லாத் தோட்டத்திலும் மிஷின் ஓடியது. அப்பாவும் மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடித்தார். பந்தல் முழுக்க நீலம் பூத்து அழகாக இருந்தது. சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்து போனால் கண்மாயில் மறுபடி வெள்ளை வயிறுகள். என் உருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு வந்த மீன்கள் அவை. ஊரே குழாயை நோக்கி ஓடியது. சிமெண்ட் கல்லாய் இறுகியிருந்தது, அதன்மேல் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் பாருங்க சாமி, சொட்டுத் தண்ணி வருதா?" என்றார் மில்காரர்.

மாமா கண்மாய்க்கு வரும் வாய்க்காலைப் பிடித்து மேலே நடந்தார், நான் பின்னால் ஓடினேன். தோட்டத்துக்குத் தோட்டம் வடிகால் ஓடையிலிருந்து வெளுத்த நீலத்தில் தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்து ஓடையிலும் அதே நீலம்தான். பந்தலில் இலைகள் கழுவி எடுத்ததுபோல் பச்சையாக இருந்தன. கீழே நின்ற அப்பாவின் நகக்கண்ணில் மட்டும் நீலம் போகவில்லை.

"மழை வரும்னு யாரு கண்டா?" என்றார் அப்பா, தரையைப் பார்த்து. மேகத்தைப் பார்த்து மருந்தடித்த மனிதர்.

மாமா கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க மட்டுமா மச்சான்? தேவாரம் ஊரு வரைக்கும் எல்லாரும்தான் அடிச்சிருக்காக. இப்ப எந்தக் குழாய அடைக்கச் சொல்றீக?"

எனக்குப் பதில் சுலபமாகத் தெரிந்தது. ஈர மண்ணை அள்ளி எங்கள் ஓடையின் வாயை அடைத்தேன். தண்ணீர் கொஞ்சம் தேங்கி, வரப்பேறி, பக்கத்துத் தோட்டத்து ஓடையில் இறங்கி, அதே வாய்க்காலுக்குப் போனது.

"விடு ஆத்தா," என்றார் மாமா.

நான் விடவில்லை. மண் போதவில்லை என்று நினைத்து, இன்னும் அள்ளிக்கொண்டு வர ஓடினேன்.